வீட்டு ஒலிப்பதிவு அறை: மைக் வாங்கும் முன் கம்பிகளைக் கவனியுங்கள்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மைக்கைத்தான். ஆனால் பதிவைக் கெடுக்கும் எதிரொலியும் ரீங்காரமும் அறையிலிருந்தும் கம்பி இணைப்புகளிலிருந்தும் வருபவை என்பதால், அவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த மைக்கை வைத்தாலும் அது அந்தக் குறைகளை இன்னும் தெளிவாகப் பிடித்துக்கொடுக்கும்.

அறையைப் பொறுத்தவரை, வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு, உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைப்பது வேறு. முதலாவதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்; நம்மால் எளிதில் செய்யக்கூடியது இரண்டாவதுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், மெல்லிய ஃபோம் துண்டுகளும் முட்டை அட்டைகளும் அதைத் தொடக்கூட முடியாது. 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வுல் (கல் இழையால் ஆன) பலகையைத் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுவது பலன் தரும். எங்கே மாட்டுவது என்று அறிய, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்துகொண்டு, பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடமே பலகைக்கு உரிய இடம்.

அடுத்தது மின்சாரம். இரண்டு கருவிகளை வெவ்வேறு பிளக் பாயிண்டுகளில் செருகி, அவற்றை ஆடியோ கேபிளாலும் இணைத்தால், எர்த் கம்பியும், கேபிளுக்குள் சிக்னல் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறையும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் காதில் விழுகிறது. ஆகவே இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கணினி, ஸ்பீக்கர் ஆகிய அனைத்துக்கும் எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். சிறிய அறையின் கருவிகளுக்கு அது பொதுவாகப் போதும். ரீங்காரம் போக வேண்டும் என்பதற்காக எர்த் பின்னை ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரைக் காப்பதற்காக இருப்பது. சுவருக்குள் செய்யவேண்டிய வேலையைத் தகுதியான எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள்.

மைக்குக்குப் பயன்படும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் 1ஆம் பின் உறைக்கும், 2ஆம் பின் நேர் சிக்னலுக்கும், 3ஆம் பின் தலைகீழ் சிக்னலுக்கும் உரியவை. வழியில் புகும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறுவதாலும், இன்டர்ஃபேஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதாலும் இரைச்சல் நீங்கிச் சிக்னல் எஞ்சுகிறது. கிட்டார் கேபிளில் இந்த வசதி இல்லை. அதை 6 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, தூரம் அதிகமானால், கிட்டார் சிக்னலை மைக் கேபிளில் அனுப்பும்படி மாற்றித்தரும் டிஐ பாக்ஸ் பயன்படுத்துங்கள்.

கேபிளை நாமே செய்துகொள்வதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். ஒருமுறை செய்தவருக்குப் பழுது எங்கே என்று தேடத் தெரிந்துவிடும். கனெக்டரின் பின்மூடியை முதலிலேயே கேபிளில் நுழைத்துவிடுங்கள், பற்றவைத்த பிறகு நுழைக்க வழியில்லை. கம்பி நுனிகளை முறுக்கி மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்தபின், சால்டரிங் அயர்னின் முனையைப் பின்னின் குழிவில் வைத்து அதைச் சூடாக்குங்கள். ஈயத்தை அயர்னில் உருக்கி ஒழுகவிடாமல், சூடேறிய குழிவில் தொட்டால் அது தானாக உருகிப் பரவும். ஈயம் இறுகும்வரை, இரண்டு மூன்று விநாடிகள், கம்பி அசையக்கூடாது. அசைந்தால் இணைப்பு பலவீனமாகி, பின்னாளில் கரகரவென்று சத்தம் தரும். முடிந்ததும் மல்டிமீட்டரால் ஒரு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் அதே எண்ணுள்ள பின்னோடு மட்டுமே இணைந்துள்ளதா என்று பாருங்கள்.

ஆடியோ கேபிள்களை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே கடக்கவேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். இயங்க மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்கு, மைக் கேபிள் வழியாகவே செல்லும் 48 வோல்ட் பேண்டம் பவர் கொடுக்கும்போது ஸ்பீக்கரின் ஒலியளவைக் குறைத்துவிட்டே கொடுங்கள்.

எல்லாம் முடிந்தபின், யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் ஒலியளவைப் படிப்படியாகக் கூட்டிக் கேளுங்கள். ரீங்காரம் இருந்தால் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியபோது அது நிற்கிறதோ, அந்த இணைப்பிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.