முதல் ஆய்வுக் கட்டுரை: டேட்டா எடுப்பதற்கு முன்பே தொடங்கும் வேலைகள்

உளவியல், சமூகவியல், கல்வியியல், சமூகப்பணி என எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும் ஒருநாள் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியாக வேண்டும். வெளியீட்டு நெறி என்றதும் பல மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது கருத்துத் திருட்டுச் சோதனை மட்டும்தான். அது கடைசியில் வரும் சிறிய வேலை. உண்மையான வேலை முதல் கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்: இரவில் செல்போனை வேறு அறையில் வைத்தால் கல்லூரி மாணவர்களின் தூக்கம் மேம்படுமா?

படி 1: எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல்

டேட்டா எடுத்த பிறகு ஒப்புதல் வாங்க முடியாது. மனிதர்கள் பங்கேற்ற ஆய்வு என்றால் பெரும்பாலான நல்ல இதழ்கள் ஒப்புதல் விவரத்தைக் கேட்கும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. முதலில் அதைப் படியுங்கள். ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் மதிப்பெண்ணுக்கோ வேறு எதற்கோ பாதிப்பு வராது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் வகுப்பிலேயே ஆய்வு செய்வதாக இருந்தால், படிவத்தை வேறொருவர் கொடுப்பதே நியாயம். ஆசிரியர் நேரில் கேட்கும்போது ‘முடியாது’ என்று எத்தனை மாணவர்கள் சொல்வார்கள்?

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. ஃபேஸ்புக்கில் 6,89,003 பேருக்குத் தெரியாமலே அவர்கள் பார்க்கும் பதிவுகளை மாற்றி, உணர்ச்சிகள் பரவுகின்றனவா என்று ஆராய்ந்த கட்டுரை 2014இல் வெளியானது. அதை வெளியிட்ட பிஎன்ஏஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் இதழே பிறகு அதைப் பற்றிக் கவலை தெரிவித்து ஒரு குறிப்பு வெளியிட்டது.

படி 2: முன்பதிவு

ஆய்வுத் திட்டத்தை டேட்டா எடுப்பதற்கு முன்பே ஒரு தளத்தில் பதிவுசெய்து வைப்பதுதான் முன்பதிவு. இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். 2011இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சோன் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு அளவீடுகளில் வசதியானதை எடுப்பது, முடிவு வராவிட்டால் இன்னும் சிலரைச் சேர்ப்பது, பாலினத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது, ஒரு குழுவை விட்டுவிடுவது என யாரும் பெரிய தப்பாக நினைக்காத 4 விஷயங்களை ஒன்றாகச் செய்தால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்பு வாய்ப்பு சுமார் 61 சதவீதமாகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஒரு பீட்டில்ஸ் பாடலைக் கேட்டவர்களின் வயதே குறைந்துவிட்டதாகக்கூட அந்த முறையில் அவர்களால் ‘நிரூபிக்க’ முடிந்தது. இதில் யாரும் டேட்டாவைத் திருத்தவில்லை. முடிவைப் பார்த்த பிறகு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் வழியை முன்பே எழுதி, தேதியோடு பூட்டிவிட வேண்டும். ஆஸ்-ப்ரெடிக்டட் என்ற இலவசத் தளம் தொடக்கநிலையாளர்களுக்கு எளிது. அது கேட்கும் முக்கியமான கேள்விகளுக்கு நம் ஆய்வின் பதில்கள் இப்படி இருக்கலாம்.

டேட்டா ஏற்கெனவே எடுத்தாயிற்றா? இல்லை. கருதுகோள்? போனை வேறு அறையில் வைக்கும் குழுவின் தூக்கம் மற்ற குழுவைவிட நன்றாக இருக்கும். எதை அளப்போம்? ஒரு மாதம் கழித்து பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலின் மொத்த மதிப்பெண். இதில் மதிப்பெண் கூடினால் தூக்கம் மோசம் என்பதையும் எழுதிவிடுங்கள். குழுக்கள்? இரண்டு, குலுக்கல் முறையில். பகுப்பாய்வு? இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் இருமுனை டி-சோதனை. யாரை விலக்குவோம்? இரவு வேலைக்குப் போகிறவர்களை. எத்தனை பேர்? 128. இந்தக் கடைசி எண்ணைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நடுத்தர விளைவு (0.5), 80 சதவீதத் திறன் (விளைவு உண்மையிலேயே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை எல்லை (பொய்யான கண்டுபிடிப்பு வாய்ப்பு) என்று கொடுத்தால் குழுவுக்கு 64 பேர் என்று வரும்.

விரிவாக எழுத விரும்பினால் ஓஎஸ்எஃப் (ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) தளத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் யோசனையை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் இருந்தால், பதிவை 4 ஆண்டுகள் வரை அங்கே மறைத்து வைக்கலாம். பிறகு திட்டம் மாற நேர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். எதை, ஏன் மாற்றினீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிட்டால் போதும்.

படி 3: டேட்டாவைப் பாதுகாப்பது

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பெயர், போன் எண் ஆகியவற்றை நீக்கிய பிரதியை, ஒப்புதல் படிவத்திலேயே அதற்கு அனுமதி வாங்கியிருந்தால், பொதுவில் வையுங்கள். படிவத்தின் மேற்பகுதியில் கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று சொன்ன 2012ஆம் ஆண்டுக் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் ஒரு பகுதி 13,488 கார் காப்பீட்டுதாரர்கள் தெரிவித்த ஓட்டத் தூரம் பற்றியது. தூரங்கள் 0 முதல் 50,000 மைல் வரை ஒரே சீராகப் பரவியிருந்தன. அதற்கு மேல் ஒரு கார்கூட இல்லை. நிஜ உலகில் யாரும் அப்படிக் கார் ஓட்டுவதில்லை. டேட்டா பொதுவில் வந்த பிறகுதான் மற்றவர்களால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

படி 4: யார் பெயர், எந்த வரிசையில்

இதை முதல் மாதமே பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன செய்தார்கள் என்பதைக் குறிக்க 14 பங்களிப்பு வகைகள் கொண்ட ‘கிரெடிட்’ பட்டியல் உதவும். ‘சார், இந்தப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்லி இதழில் கேட்கிறார்கள்’ என்று கைடிடம் எடுத்துப் போனால் சங்கடமில்லாமல் பேசலாம். பதவிக்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், உழைத்த ஜூனியரின் பெயரை விடுவதும் அநியாயம். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் கட்டுரையின் ஆசிரியராக முடியாது என்று வெளியீட்டு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023இல் சொல்லிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

படி 5: இதழுக்கு அனுப்புவது

மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். யுஜிசி தரமான இதழ்களுக்காக வைத்திருந்த கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழின் தரத்தை நாமே பார்த்தாக வேண்டும். அதன் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள், பழைய கட்டுரைகள் நாலைந்தைப் படியுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வித்தியாசம் எதுவும் வரவில்லையா? அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். டேட்டா எடுப்பதற்கு முன்பே திட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதற்கு முன்கூட்டியே உறுதி வாங்கும் ‘ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்’ முறையும் இருக்கிறது. கார்டெக்ஸ் இதழ் 2013இல் தொடங்கிய இந்த முறை இன்று 300க்கும் மேற்பட்ட இதழ்களில் உண்டு. நீங்கள் குறிவைத்திருக்கும் இதழில் அது உண்டா என்று படி 2க்கு முன்பே பார்த்துவிடுங்கள். டேட்டா கைக்கு வந்த பிறகு பெரும்பாலும் அந்த வாய்ப்பு கிடைக்காது.