பிளீச் செய்த முடியைப் பாதுகாப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

திருப்பூரில் பனியன் துணியை வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் பார்லரில் தலைமுடியின் நிறத்தை எடுக்கும் பிளீச்சிலும் வேலை செய்கிறது. அங்கே துணி வெளுத்தவுடன் அப்படியே வெட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. மிச்சமிருக்கும் பெராக்சைடை நீக்கி, காரத்தை அமிலத்தால் சமப்படுத்தி, மென்மையூட்டியும் கொடுக்கிறார்கள். தலைமுடிக்கும் பின்வேலைதான் பெரிய வேலை.

முடி இழையின் மேற்புறம் நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. நிறம் தரும் மெலனின் அதற்கு உள்ளே இருக்கிறது. பிளீச் கலவையின் காரத்தன்மை செதில்களைத் தூக்கிவிட, பெராக்சைடு உள்ளே புகுந்து மெலனினைச் சிதைக்கிறது. அதே வேகத்தில் முடிக்கு வலிமை தரும் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியும், இழையின் மேல் இயற்கையாக ஒட்டியிருந்த கொழுப்புப் படலமும் போய்விடுகின்றன. ஆகவே முடி தண்ணீரை விரைவாக உறிஞ்சுகிறது, சிக்கு விழுகிறது, ஈரமாக இருக்கும்போது எளிதில் அறுகிறது. முடி இழைக்கு உயிர் இல்லாததால் அது தோல் காயம்போல் தானாக ஆறாது. இருப்பதைத் தேயாமல் காப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

பிளீச் செய்வதற்கு முன், இதுவரை தலையில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பார்லரில் சொல்லிவிடுங்கள். கடைகளில் விற்கும் சில மருதாணிக் கலவைகளில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். அவை பெராக்சைடுடன் வினைபுரிந்து சூடேறி முடியைப் பொசுக்கிவிடக்கூடும். பிறகு கலவையில் சிறிதளவைக் காதுக்குப் பின்னால் தடவி, 48 மணி நேரம் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள். பிளீச் தூளில் உள்ள பெர்சல்பேட் உப்புகள் சிலருக்கு ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் தூண்டும் என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். தலையில் புண் இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது இழைச் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிடரியில் வெளியே தெரியாத இடத்திலிருந்து மெல்லிய கற்றையை வெட்டி, நூலால் கட்டி, கலவையைப் பூசி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நம் கருமுடி முதலில் அடர்பழுப்பாகும். பின் செம்பு நிறமாகி, ஆரஞ்சைத் தாண்டித்தான் மஞ்சளுக்கு வரும். கழுவிய கற்றையிலிருந்து ஓர் இழையை ஈரத்தோடு இரு விரல்களுக்கிடையே மெதுவாக இழுங்கள். சற்றே நீண்டு பழையபடி சுருங்கினால் முடி தாங்குகிறது என்று பொருள். சுருங்காமல் நீண்டுகொண்டே போனாலோ, குழகுழவென்று இருந்தாலோ, உடனே அறுந்தாலோ அந்தத் தலைக்கு பிளீச் வேண்டாம். முதன்முறை செய்பவர்கள் செம்பு நிறத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நம் நிறத்துக்கு அது பொருந்துகிறது, முடியும் மிஞ்சுகிறது.

பிளீச் தூளோடு கலக்கும் பெராக்சைடு திரவத்துக்கு டெவலப்பர் என்று பெயர். அதன் வீரியத்தை வால்யூம் என்ற அளவில் குறிப்பார்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். சீக்கிரம் முடியும் என்பதற்காக 40-ஐத் தலையில் வைக்காதீர்கள். உறையில் குறித்துள்ள நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடக்கூடாது. எரிச்சல் கூடினால் நேரம் பாராமல் கழுவிவிடுங்கள்.

இனி பராமரிப்பு. கொங்குப் பகுதியில் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் கவலை குறைவு. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கோ, அதிலுள்ள கால்சியம் உப்புகள் செதில் திறந்த முடியில் படிந்து அதை மேலும் சொரசொரப்பாக்குகின்றன. வீடு முழுக்க நல்ல தண்ணீர் இல்லாவிட்டாலும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு போசி நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்குக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெயை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை மெலிதாகத் தடவுங்கள். காங்கேயம் பக்கத்து ஆலைகளில் ஆட்டிய சாதாரண எண்ணெயே போதும். அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது முடி ஊதிப்போவதையும் புரதம் கரைந்துபோவதையும் குறைக்கிறது. அரப்புத் தூளை மட்டும் சில காலம் ஒதுக்கி வையுங்கள். அது எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் அந்தத் தூளை வைத்துத் தேய்ப்பதைப் பலவீனமான முடி தாங்காது. மென்மையான ஷாம்பூவை மண்டையில் மட்டும் போட்டு, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் தடவுங்கள். பிளீச் செய்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் கூடியிருப்பதால், கண்டிஷனரிலுள்ள நேர் மின்னேற்றப் பொருள்கள் அதில் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. துண்டால் அடித்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஸ்ட்ரெய்ட்னரைக் கூடியவரை தொடாதீர்கள். வண்டியில் போகும்போது வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், இரண்டு மூன்று மாதங்களில் வேர்ப்பகுதி கருப்பாகத் தெரியும். அப்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் கலவை பூசச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளுத்த பகுதியில் அது மறுபடி பட்டால், இரண்டும் சேரும் அந்த இடத்தில்தான் முடி அறுந்து விழும். பிளந்த நுனிகளை அதே அமர்வில் வெட்டிவிடச் சொல்லுங்கள்.