புட்டு, வறை, பிரட்டல்: பிறீசருக்கான ஒரு தட்டு இராச்சாப்பாடு

தட்டின் ஒரு பக்கம் புட்டு காய்ந்து கல்லாகிவிட, மற்றப் பக்கம் கறியின் நடுப்பகுதி இன்னும் ஐஸாகவே கிடந்தால், பிழை சூடாக்கினதில் இல்லை, தட்டை அடுக்கினதில். ஒரே தட்டில் இருக்கும் மூன்று பண்டமும் ஒன்றாகச் சூடேற வேண்டும். உறையவைத்த சாப்பாட்டின் முழு வேலையும் இதற்குள்தான் அடங்கும்.

அமெரிக்காவில் ஸ்வான்சன் நிறுவனம் 1953–54இல் உறைந்த தட்டுச் சாப்பாட்டை ‘ரிவி டின்னர்’ என்று விற்கத் தொடங்கியபோதும் இதுதான் சிக்கல். அலுமினியத் தட்டில் வான்கோழி இறைச்சி, பட்டாணி, வற்றாளங்கிழங்கு. விலை 98 சதம். அவணில் 425 பாகை பரனைற்றில், அதாவது ஏறக்குறைய 220 பாகை செல்சியசில், 25 நிமிடம் வைத்தால் எல்லாம் சேர்ந்து சூடாக வேண்டும். அங்கே வேலை செய்த பெற்றி குரோனின் என்ற நுண்ணுயிரியலாளர் இந்த ஒத்திசைவைச் சரிக்கட்டத்தான் பாடுபட்டார். மைக்குறோவேவ் வீடுகளுக்குள் வந்தபின் அலுமினியத் தட்டு உதவவில்லை. 1986 அளவில் மைக்குறோவேவ் தாங்கும் தட்டுகள் வந்தன. தட்டு மாறினாலும் கணக்கு மாறவில்லை. எங்கள் புட்டுக்கும் அதே கணக்குத்தான்.

முதலில் பிறீசரைப் பாருங்கள். கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் -6 பாகை செல்சியஸ், இரண்டு என்றால் -12, மூன்று என்றால் -18. நான்கு இருந்தால்தான் புதுச் சாப்பாட்டை உறையவைக்கும் வலு அதற்கு உண்டு. ஒற்றைக் கதவுப் பிறிட்ஜின் மேலே இருக்கும் சின்னப் பெட்டி பெரும்பாலும் மாதக்கணக்கில் வைப்பதற்குச் சரிவராது. அதில் வைத்ததை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். மெல்ல உறையும் சாப்பாட்டில் பெரிய ஐஸ் பளிங்குகள் உருவாகி இறைச்சியின் நாரைக் கிழிக்கும். உருகும்போது தண்ணீர் வழிந்து சக்கைதான் மிஞ்சும். அதனால் எதையும் 2 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக அடைக்கவேண்டாம்.

ஐந்து தட்டுக்கான புட்டுக்கு வறுத்த சிவப்பரிசி மா 500 கிராம், உப்பு, கொதிதண்ணீர் 400 முதல் 450 மில்லிலீற்றர், துருவிய தேங்காய்ப்பூ 150 கிராம். உடனே சாப்பிடுவதற்குக் குழைப்பதைவிட இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் கூடவே விடுங்கள், ஏனென்றால் பிறீசரின் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும். நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) அவித்து எடுத்ததும் அகலத் தட்டில் கொட்டி உதிர்த்து, மெல்லிய துணியால் மூடி ஆவி போகவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கட்டும் தண்ணீர் ஐஸாகி, பிறகு புட்டைக் களியாக்கும். ஆறியதும் நேரே பிறீசருக்குப் போகட்டும். ‘இன்றைக்குப் பிறிட்ஜில் கிடக்கட்டும், நாளைக்குப் பிறீசரில் வைப்போம்’ என்பதுதான் புட்டையும் இடியப்பத்தையும் கெடுக்கும் பழக்கம். அவிந்த மாப்பொருள் 4 பாகை அளவிலேயே மிக விரைவாக இறுகும்.

கறிக்குக் குழம்பு வேண்டாம், பிரட்டல் வையுங்கள். கோழி ஒரு கிலோவைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வற்றவிட்டு இறக்குங்கள். முதற்பால் விடக்கூடாது. உறைந்து உருகும்போது அதன் கொழுப்புப் பிரிந்து எண்ணெயாக மிதக்கும், வெள்ளைத் திரளும் நிற்கும். சாப்பிட்டால் கேடில்லை, ஆனால் ருசி போய்விடும். சூடாக்கும்போது தேங்காய்ப்பால் மாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஒரு மேசைக்கரண்டி விட்டுக் கிளறினால் போதும். உருளைக்கிழங்கு மணல்மணலாகும், அவித்த முட்டையின் வெள்ளை றப்பராகும், இரண்டையும் விலக்குங்கள். சொதியை உறையவைக்கவே வேண்டாம், அது பத்து நிமிட வேலை.

வறைக்குச் சுறா மிக நல்லது. அரைக் கிலோவை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூவோடு ஈரம் போகும்வரை தாச்சியில் வறுத்தெடுங்கள். தேங்காய்ப்பூ பச்சையாக நின்றால் அதுதான் முதலில் ஊசிப்போகும். மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாத நாளுக்கு முருங்கையிலை வறையும் தடித்த பருப்பும் இதேபோல நிற்கும்.

ஆறவைப்பதில் கவனம் வேண்டும். எங்கள் குசினியின் வெக்கையில் கறிச்சட்டியைச் சும்மா மேசையில் வைத்தால் மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே நிற்கும். கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பேசினில் சட்டியை வைத்துக் கிளறுங்கள். ஆனால் அது ஓரளவுக்குத்தான் ஆற்றும், பிறகு ஐஸ்கட்டி போட்டால்தான் சூடு இறங்கும். அடுப்பால் இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாம் பிறீசருக்குள் போய்விட வேண்டும். அரிசிப் பண்டத்தில் இருக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்துகள் அவித்தாலும் சாகாது. இளஞ்சூட்டில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

மூன்று அறைத் தட்டின் பெரிய அறையில் 200 கிராம் புட்டை அழுத்தாமல் தூவி, நடுவில் சின்னக் குழி விடுங்கள். மைக்குறோவேவில் ஓரம் முதலில் சூடேறும், நடு பிந்தும். சின்ன அறைகளில் பிரட்டல் 120 கிராமும் வறை 60 கிராமும் வைத்து, மேலே காற்று நில்லாமல் ஒட்டுத்தாள் (சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள்) படியவிட்டு மூடுங்கள். காற்றுப் படும் இடம் வெளிறி நார்போலாகிவிடும். மூடியில் பெயரும் திகதியும் எழுதுங்கள். புட்டுத் தட்டு ஒரு மாதம் மட்டும் நல்ல பதத்தில் இருக்கும். வறையைத் தனியே வைத்தால் இரண்டு மாதம், கோழி மூன்று மாதம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விலக்கும் வீடுகளில் சைவத் தட்டுகளை முன்கூட்டியே வேறு தட்டில் அடுக்கிவிடுவது நல்லது.

சூடாக்க, ஒட்டுத்தாளை எடுத்துவிட்டு, புட்டின் மேல் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். 800 வாற்று அடுப்பில் 30 சதவீத வலுவில் 5 நிமிடம், பிறகு முழு வலுவில் 3 நிமிடம். கறியைக் கிளறி இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, வெளியில் 2 நிமிடம் ஆறவிடுங்கள். தொடக்கத்திலேயே முழு வலு கொடுத்தால் உருகின இடம் கொதிக்கும், ஐஸ் அப்படியே நிற்கும். தண்ணீர் உறிஞ்சும் அளவுக்கு ஐஸ் நுண்ணலையை உறிஞ்சாது. கறியின் நடு 75 பாகை வரவேண்டும். மைக்குறோவேவ் இல்லாவிட்டால் உறைந்த புட்டை நேரே நீத்துப்பெட்டியில் கொட்டி 8 முதல் 10 நிமிடம் அவியுங்கள், கறியைச் சட்டியில் சூடாக்குங்கள். உண்மையில் புட்டுக்கு இதுவே மேல்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பிறீசர் ஏறக்குறைய 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும் நிறைந்த பிறீசரைத் திறக்காமல் வைத்தால் தாங்கியிருக்கும். இடம் மிஞ்சினால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி வையுங்கள். முழுக்க நிரப்பினால் தண்ணீர் உறைந்து விரியும்போது போத்தல் வெடிக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவிட்டு மேலே ஒரு குற்றிக்காசு வைத்துவிடுங்கள். வீட்டில் ஆளில்லாத நேரம் பிறீசர் உருகித் திரும்ப உறைந்திருந்தால் காசு கோப்பையின் அடியில் கிடக்கும். அப்போது தட்டுகள் அனைத்தையும் வெளியே கொட்டவேண்டியதுதான்.