நாயின் பாதத்தைப் பார்த்துத் தப்புக்கணக்குப் போடாதீர்கள்

நாயின் விரல்களை மெல்ல விரித்துப் பாருங்கள், நடுவில் மெல்லிய தோல் தெரியும். அதைப் பார்த்ததும் "வாத்துக் கால் மாதிரி இருக்கிறதே, இது நீந்துகிற இனம்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இது. விரலிடைத் தோல் எல்லா நாய்க்கும் உண்டு, அளவுதான் மாறும். தண்ணீரில் வேலை செய்யவே வளர்க்கப்பட்ட நியூஃபவுண்ட்லாண்ட், செசபீக் பே ரெட்ரீவர் போன்ற இனங்களில் அது நன்றாக அகன்றிருக்கும். எனவே தோலை மட்டும் வைத்து இனத்தையோ கலப்பையோ சொல்ல முடியாது.

இதைவிட ஆபத்தானது, அந்தத் தோலை நம்பி நாயை ஆழத்தில் இறக்குவது. புல்டாக்குக்கும் விரலிடைத் தோல் இருக்கிறது. ஆனால் கனமான தலை, குட்டைக் கால், சப்பை முகம் எல்லாம் சேர்ந்து அதை மூழ்கடித்துவிடும். லாப்ரடார் குட்டியாகவே இருந்தாலும் ஆழமில்லாத இடத்தில் பழக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பாதத்தின் வடிவம் வேறு விஷயம். டாபர்மேனுக்கு உருண்டு திரண்ட பூனைப் பாதம். போர்சாய்க்கு நடு விரல்கள் நீண்ட முயல் பாதம். நியூஃபவுண்ட்லாண்டுக்குப் பூனைப் பாதமும் உண்டு, அகன்ற தோலும் உண்டு! சமாயிட்டின் பாதம் நீண்டு, தட்டையாக, கொஞ்சம் விரிந்தே இருக்கும், அது குறையில்லை. ஆனால் பூனைப் பாத நாய்க்கு விரல்கள் விரிந்துகொண்டே போனால், "இதன் வாகே இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் நகத்தைப் பாருங்கள். நடக்கும்போது தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். அது விரலை மேலே தள்ளித் தள்ளிப் பாதத்தையே விரித்துவிடும். ஒரு பாதம் மட்டும் திடீரென்று மாறினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கூடுதல் விரலைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. நார்வேயின் லுண்டஹுண்டுக்குப் பாதத்துக்கு 6 விரல், பொசெரோன் இன நாய்க்குப் பின்னங்காலில் இரட்டைக் கட்டைவிரல் (காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் விரல்). இரண்டுமே இனத்தின் இயல்பு. ஆனால் எந்த நாயானாலும், தரையில் படாத கட்டைவிரல் நகம் தேயாது. மறந்துவிட்டால் சுருண்டு சதைக்குள் இறங்கும்.

கடைசியாக, விரலிடையில் சிக்குப்பிடித்த முடியைக் கூர்முனைக் கத்தரியால் வெட்டாதீர்கள். முடியும் தோலும் சேர்ந்தே வெட்டுப்படும். அங்கே முனை மழுங்கிய கத்தரியோ சின்ன டிரிம்மரோதான் நல்லது. அகன்ற தோலுள்ள நாய் தண்ணீரிலிருந்து வந்தால், ஒவ்வொரு விரலாக விரித்து, முள்ளோ மண்ணோ இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள்.