பிசியோதெரபிஸ்ட் வரும்போது போனை எடுத்து வையுங்கள்

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு, அம்மம்மா பயிற்சி செய்வதையே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் எண்ணும் குரலும் பதியட்டும். பயிற்சியைக் காட்டும் கடதாசிப் படத்தில் இருப்பது வேறு யாரோ. இதில் இருப்பது அம்மம்மாவின் முழங்கால், உங்கள் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் உள்ள அதே கதிரை. எழும்பும்போது கை எங்கே பிடிக்கிறது, குதிகால் எவ்வளவு பின்னுக்கு இருக்கிறது என்பதெல்லாம் அப்படியே தெரியும். மறந்ததைத் திரும்பக் காட்டவென்றே இன்னொரு தடவை கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்று எடுங்கள். முன்னால் நின்றால் முதுகு வளைவது தெரியாது.

பக்கவாதம் வந்த புதிதிலும் இடுப்புச் சத்திரசிகிச்சை முடிந்த கையோடும் இது சரிவராது. பயிற்சி அடிக்கடி மாறும், பழைய வீடியோவை நம்பக் கூடாது. புதிதாக நோவோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடமே கேளுங்கள்.