புறாவுக்கு வைரஸ் என்று சந்தேகமா? மாதிரி அனுப்புமுன் இதைப் பாருங்கள்

கொழும்பில் புறா வளர்க்கத் தொடங்கும் தம்பிமார் இப்போது ஆய்வுகூடத்தையும் தேடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பேராதனை ஆய்வுகூடம் வரை போன மாதிரி ஒன்றுக்கும் உதவாமல் போவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. மாதிரியைக் கெடுக்கும் தவறுகள் இவை.

மருந்தைப் போட்டுவிட்டு இரத்தம் எடுப்பது

தெமட்டகொடையில் ஒரு தம்பியின் கூட்டில் புறாக்கள் தண்ணீராய்க் கழித்தன. அப்புறம் ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. பயறைக் கொத்தப் போனால் அலகு பக்கத்துத் தரையில்தான் படும். பரமிக்ஸோ வைரஸ் (கோழிக்கு வரும் நியூகாசில் வைரஸின் புறா வகை) என்று அவன் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. பயத்தில் அன்றைக்கே கோழிக்குப் போடும் லசோட்டா தடுப்பு மருந்தை எல்லாப் புறாவுக்கும் கண்ணில் விட்டான். சில வாரம் கழித்து இரத்தம் எடுத்து அனுப்பினான்.

"அண்ணா, பொசிட்டிவ். இந்த வருத்தம்தான்" என்று போன் பண்ணினான்.

எப்படிச் சொல்வது? இரத்தத்தில் தேடுவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை. அது நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று ரிப்போர்ட் சொல்லாது. வைரஸின் மரபணுவையே தேடும் பீசீஆர் சோதனையிலும் இதே சிக்கல்தான். லசோட்டா உயிருள்ள நியூகாசில் வைரஸ். எம் ஜீன் என்ற மரபணுவைத் தேடும் பீசீஆர் நோய் வைரஸ், மருந்து வைரஸ் இரண்டையுமே பிடிக்கும். வைரஸின் எஃப் புரதம் வெட்டுப்படும் இடத்தின் மரபணு வரிசையைப் படித்தால்தான் பிரிக்கலாம். அதற்குக் காசும் நாளும் வேறு. கழுத்து முறுக்கல் சல்மொனெல்லா என்ற பாக்டீரியாவாலும் வரும், அதற்கு வைத்தியமே வேறு. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

முதலில் தொண்டையிலும் கழிவாயிலும் ஸ்வாப் (குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுங்கள், நோய் தொடங்கிய கையோடு. இரத்தம் அப்போது ஒருமுறை, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொருமுறை. பிறபொருளெதிரி அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அதற்குப் பொருள். ஏற்கெனவே மருந்து விட்டிருந்தால் பெயரையும் திகதியையும் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

செத்த புறாவை பிரீசரில் வைப்பது

உறைந்தால் திசு சிதைந்துவிடும், நுணுக்குக்காட்டியில் பார்க்க உதவாது. நம்முடைய வெக்கையில் வெளியே வைத்தாலும் மத்தியானத்துக்குள் அழுகும். ரிஜிஃபோம் பெட்டி, நிறைய ஐஸ், அன்றைக்கே அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் போர்மலினில் போடுவது

போர்மலின் திசுவைப் பதப்படுத்தும் திரவம். அதில் வைரஸ் செத்துவிடும், பிறகு ஆய்வுகூடத்தில் அதை முட்டைக்குள் வளர்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூளையிலும் சிறுநீரகத்திலும் ஒரு துண்டு போர்மலினில், மற்றது ஐஸில்.

மரக்குச்சி ஸ்வாப்

வேண்டாம். பீசீஆரைக் கெடுக்கும்.

சர்க்கோ பொசிட்டிவ் என்றதும் முடிவு கட்டுவது

சுகமான புறாவிலும் சர்க்கோ வைரஸ் இருக்கும், அதனால் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குஞ்சு செத்திருந்தால் அதன் பேர்சாவையும் (கழிவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் நோயெதிர்ப்பு உறுப்பு) பார்க்கச் சொல்லுங்கள்.