பிங் போகுதுன்னா நெட்வேர்க் சரின்னு அர்த்தம் இல்ல: லேயர் படிக்கிற புள்ளைங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஹட்டன்ல எங்க சனிக்கிழம கிளாஸ்ல ரெண்டு புள்ளைங்ககிட்ட ஒரு கோளாறான செட்டப்ப குடுத்து, பிரச்சின எங்கன்னு கண்டுபுடிங்கன்னு விட்டேன். ஒரு தம்பி ரெண்டே நிமிஷத்துல எந்திரிச்சு, "பிங் போகுது அண்ணே, நெட்வேர்க்ல ஒன்னும் இல்ல, சேர்வர்லதான் கோளாறு"ன்னு சொல்லிட்டான். (பிங்ங்கிறது இன்னொரு கொம்பியூட்டருக்கு ஒரு சின்னத் தகவல அனுப்பி, பதில் வருதான்னு பாக்குறது.) பல வருஷத்துக்கு முன்னுக்கு ஒரு தோட்டத்து ஒபிஸ்ல நின்னுகிட்டு நான் சொன்னதும் இதே வார்த்ததான், அதுக்கு மத்தவங்க குடுத்த வெல இன்னும் என் மனசுல கெடக்குது, அதனாலதான் ஒக்காந்து இத எழுதுறேன். நெட்வேர்க் வேலைய கேபிள்ல இருந்து அப்ளிகேஷன் வரைக்கும் ஏழு அடுக்கா பிரிச்சிருக்கிறதத்தான் லேயர்ங்கிறோம். அந்த ஏழு லேயர் பேர வரிசையா பாடமாக்குறது, கேபிள் செருகியிருக்கான்னு பாக்குறது இதெல்லாம் எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க, அத விட்டுருவோம்.

ஓஎஸ்ஐ மொடல் கொம்பியூட்டருக்குள்ள ஓடுதுன்னு நெனைக்கிறது

அந்த ஏழு லேயர் பிரிப்புக்குப் பேருதான் ஓஎஸ்ஐ மொடல். சர்வதேச தர அமைப்பான ஐஎஸ்ஓ அத ஸ்டேண்டர்டா வெளியிட்டது 1984ல. அதுக்கு முந்தியே, 1983 ஜனவரி 1ஆம் தேதி, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட், டிசிபி ஐபிங்கிற விதிமுறைக்கு மாறிருச்சு. இன்னைக்கு நம்ம போன்லயும் லெப்டொப்லயும் ஓடுறது டிசிபி ஐபிதான், அத பத்தி 1989ல வந்த ஆர்எப்சி 1122ங்கிற இன்டர்நெட் ஸ்டேண்டர்ட் ஆவணம் நாலு லேயர்தான் சொல்லுது: லிங்க், இன்டர்நெட், ட்ரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். அதனால செஷன் லேயர் எங்க, பிரசன்டேஷன் லேயர் எங்கன்னு விண்டோஸுக்குள்ள தேடாதீங்க, அந்த வேலையெல்லாம் பெரும்பாலும் அப்ளிகேஷன் பக்கத்துலயே நடந்துருது. ஆனா ஏழு நம்பரையும் கைவிட்டுறவும் வேணாம். "லேயர் 2 பிரச்சின"ன்னு போன்ல சொன்னா கொழும்புல இருக்கிறவருக்கு ஒடனே வெளங்கும், ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சிக்கிறதுக்கான பாஷ அது.

மெக் அட்ரஸையும் ஐபி அட்ரஸையும் போட்டுக் கொழப்பிக்கிறது

மஸ்கெலியால இருந்து கொழும்புல இருக்கிற அண்ணனுக்கு பஸ்ல பார்சல் போடுறோம்னு வைங்க. பார்சல் மேல கொழும்பு விலாசத்த எழுதிருவோம், ஆனா மொத பஸ் கண்டக்டர்கிட்ட என்ன சொல்லுவோம்? "ஹட்டன் ஸ்டேண்ட்ல எறக்கி அந்தக் கடைல குடுத்துருங்க"ன்னுதான். ஹட்டன்ல இருந்து ஏத்தி விடுறவரு அடுத்த கண்டக்டர்கிட்ட வேற சொல்லுவாரு. மேல எழுதுன விலாசம் ஐபி அட்ரஸ், அது லேயர் 3. கண்டக்டர்கிட்ட சொல்றது மெக் அட்ரஸ், அது லேயர் 2. ஒவ்வொரு ரவுட்டர தாண்டும்போதும் மெக் மாறும், போய்ச் சேர வேண்டிய ஐபி அப்பிடியே இருக்கும். வீட்டு ரவுட்டர் மாதிரி எடங்கள்ல, அனுப்புறவரோட ஐபிய மாத்துற வேல ஒன்னு நடக்கும், நாட்னு சொல்றது அதத்தான், அத தனியா படிங்க.

பிங் போனா எல்லாம் சரின்னு முடிவு கட்டுறது

மொதல்ல சொன்னேனே, நான் செஞ்ச அந்தத் தவறு இதுதான்.

தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து பெக்டரி ஒபிஸ். அங்க இருந்து கொழும்பு ஹெட் ஒபிஸுக்கு ஒரு டனல், அதாவது ரெண்டு ஒபிஸையும் நேரா இணைக்கிற மாதிரி ஒரு வழி, போட்டிருந்துச்சு, நான் போய் நடுவுல எத விடணும் எத தடுக்கணும்னு பாக்குற ஒரு பயர்வோல் வச்சுட்டு வந்தேன். அடுத்த வாரம் பெரிய கிளாக்கர் கோல் எடுத்து, "தம்பி, பாக்க வருது, அனுப்பத்தான் மாட்டேங்குது"ன்னாரு. போய் பாத்தா ஹெட் ஒபிஸ் சிஸ்டத்துக்குள்ள லொகின் ஆகுது, பக்கம் தெறக்குது, ரிப்போர்ட் எறங்குது, ஆனா செக்ரோல் பைல (தொழிலாளிங்களோட வேலக் கணக்கு) ஏத்துனா அந்தப் பச்சக் கோடு கொஞ்ச தூரம் போய் அப்பிடியே நின்னுருது. நான் பிங் போட்டேன், நாலுக்கு நாலும் வந்துச்சு. நெட்வேர்க் சரி, சேர்வர்தான் கோளாறுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். அவங்க கொழும்புல சேர்வருக்கு ஹாட் டிஸ்க் மாத்துனாங்க, சொப்ட்வேர திரும்ப ஏத்துனாங்க, ஆள் கூப்புட்டு பணம் குடுத்தாங்க, மூணு நாள் போயிருச்சு. பத்தாந்தேதி வர வேண்டிய சம்பளம் ரெண்டு நாள் பிந்திருச்சு. ரெண்டாவது தடவ நான் போனப்போ ஒபிஸ் வாசல்ல கொழுந்தெடுக்கிற அக்காமாரு மழைல நனைஞ்சுகிட்டு கேட்டுக்கிட்டு நின்னாங்க, அடகுக்கு வட்டி கட்டணும்னு ஒருத்தங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு.

நடந்தது என்னன்னா, விண்டோஸ்ல சும்மா பிங் போட்டா அதுல போற டேட்டா 32 பைட்தான். ஆனா ஒபிஸ் கேபிள்ல ஓடுற ஈதர்நெட்ல ஒரு ஐபி பெக்கெட், அதாவது டேட்டாவ பிரிச்சு அனுப்புற ஒரு பொட்டலம், 1500 பைட் வரைக்கும் இருக்கலாம், பெரிய பைல் அனுப்புறப்போ கொம்பியூட்டர் அந்த அளவுக்கு நெரப்பித்தான் அனுப்பும். எங்க டனல் ஜிஆர்இங்கிற வக. பெக்கெட்ட இன்னொரு பெக்கெட்டுக்குள்ள வச்சு அனுப்புறதால வெளி ஐபி ஹெடருக்கு (பெக்கெட் மேல ஒட்டுற விலாசச் சீட்டு மாதிரி) 20, ஜிஆர்இக்கு 4, ஆகமொத்தம் 24 பைட் அதுலயே போயிரும், மிச்சம் 1476. "ஒடைக்காதே"ன்னு குறி போட்ட 1500 பைட் பெக்கெட் வந்தா ரவுட்டர் அத கீழ போட்டுட்டு, "பெரிசா இருக்கு, 1476க்குள்ள அனுப்பு"ன்னு ஐசிஎம்பில (நெட்வேர்க் தன்னோட கோளாற சொல்ற முற, பிங்கும் அதுலதான் போகுது) ஒரு தகவல திருப்பி அனுப்பும். ஐசிஎம்பி ஆபத்துன்னு எங்கயோ படிச்சுட்டு, பிங்க மட்டும் விட்டு மத்த ஐசிஎம்பி எல்லாத்தையும் பயர்வோல்ல அடைச்சு வச்சிருந்தது நான்தான். தகவல் வந்து சேரல, கொம்பியூட்டர் அதே 1500ஐ திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. லொகின்லாம் சின்னச் சின்ன பெக்கெட், அது தாராளமா போச்சு. கொழும்பு பக்கம் அப்பிடி யாரும் அடைக்கல, அதனால எறக்குறதுல கோளாறு தெரியல.

கடைசில கண்டுபுடிச்சது அதே பிங்க வச்சுத்தான். ஒடைக்காதேங்கிற குறியோட சைஸ 1472ன்னு குடுத்தேன், பதிலே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுகிட்டே வந்தேன், 1449 போகல, 1448 போச்சு. ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20, கூட்டிப் பாத்தா சரியா 1476. பயர்வோல்ல அந்த ஐசிஎம்பி தகவலுக்கு வழி விட்டு, ரவுட்டர்ல டிசிபியோட எம்எஸ்எஸ்ஸ, அதாவது ஒரு பெக்கெட்டுல வைக்கிற டேட்டாவோட உச்ச அளவ, 1436ன்னு போட்டதும் செக்ரோல் ஒரு நிமிஷத்துக்குள்ள ஏறிருச்சு.

அதனால தம்பி தங்கச்சிமாரே, பிங் வந்தா லேயர் 3ல, அந்த சைஸ் பெக்கெட்டுக்கு, போக வர வழி இருக்குன்னு மட்டுந்தான் சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லாதீங்க. அடுத்து பெரிய சைஸ்ல போடுங்க, அப்பறம் சேர்வர்ல அந்த அப்ளிகேஷனோட போர்ட் (அதுக்குள்ள போற வாசல் நம்பர்) தெறக்குதான்னு பாருங்க, அது லேயர் 4, அதுக்கப்பறம் அவங்க செய்ற அதே வேலைய அவங்க கொம்பியூட்டர்லயே ஒக்காந்து செஞ்சு பாருங்க. பிங் வரலன்னா லைன் செத்துருச்சுன்னு சொல்றதும் இதே தவறுதான், பிங்க அடைச்சு வச்சிருக்கிற சேர்வர் எத்தனையோ இருக்கு, அதுல வெப்சைட் நல்லாத்தான் தெறக்கும்.

ஏஆர்பி எந்த லேயர்னு சண்ட புடிக்கிறது

வேணாம். ஐபி அட்ரஸ வச்சு அதோட மெக் அட்ரஸ கண்டுபுடிக்கிறதுதான் ஏஆர்பி. லேயர் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது, அது செய்ற வேல புரிஞ்சா போதும்.

ஒரு பெட்டிக்கு ஒரு லேயர்னு நெனைக்கிறது

வீட்டு ரவுட்டர் பெட்டிக்குள்ள வைபை, சுவிட்ச், ரவுட்டிங், நாட், ஐபி அட்ரஸ் குடுக்குற டிஎச்சிபி எல்லாமே இருக்கு. லேயர்ங்கிறது வேலைக்கு வச்ச பேரு.

லேயர் 1ல லைட் எரிஞ்சா போதும்னு விடுறது

ஈதர்நெட் செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைக்குந்தான். பெக்டரில இருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ரெண்டு துண்ட ஒட்டுப் போட்டு இழுத்துட்டு, லைட் எரியுது அண்ணேங்கிறாங்க. லைட் எரியும், மழ பேஞ்சதும் பெக்கெட் விழ ஆரம்பிக்கும், அப்பறம் லேயர் 7 வரைக்கும் போய் தேடுவாங்க. இன்னொன்னு, நம்ம பக்கம் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் எப்பிடின்னு உங்களுக்கே தெரியும். ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளிய செம்புக் கேபிள் இழுத்தா ரெண்டு பக்க சுவிட்சும் ஒன்னா கருகிரும். பைபர் போடுங்க, அதுவும் உள்ளுக்க இரும்புக் கம்பி இல்லாததா கேட்டு வாங்குங்க.